முகப்பு ஒன்று, வீடு முப்பது: பாத் நகரின் ராயல் கிரசென்ட்

மழைக்குடை | ஞாயிறு, இரவு 9.40

நேற்று இங்கிலாந்தின் பாத் நகருக்குப் போய் வந்தேன். பிரிஸ்டலிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்தான். பிறை போல வளைந்த தொடர்வீட்டு வரிசையான ராயல் கிரசென்டைப் படங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் பிராக் தெருவின் முடிவில் திரும்பியதும் கால் அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தெருவில் நடக்கும்போது வரப்போவது எதுவும் தெரிவதில்லை. கடைசி வீட்டைக் கடந்ததும் வலப்பக்கம் அந்த வளைவு முழுவதுமாக விரிகிறது. சுமார் 150 மீட்டர் நீளத்துக்கு ஒரே தேன்நிறக் கல். 30 வீடுகள், 114 தூண்கள். எதிரே சரிந்து இறங்கும் புல்வெளி, அதற்கப்பால் பள்ளத்தாக்கு.

தரைத்தளத்தில் கதவும் சன்னலும் தவிர அலங்காரம் என்று எதுவுமே இல்லை. முதல் மாடியில்தான் தூண்கள் தொடங்கி, இரண்டு மாடிகளைத் தாண்டிக் கூரைக் கைப்பிடிச் சுவர் வரை எழுகின்றன. நட்டநடுவில் உள்ள 16-ஆம் எண் வீட்டில் மட்டும் தூண்கள் இரண்டிரண்டாக நிற்கின்றன. இடையில் ஒரு வளைவுச் சன்னல். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நடுப்பகுதி எது என்று சொல்ல அந்த வேறுபாடே போதுமானதாக இருக்கிறது.

பிறகு பின்புறச் சந்துக்குப் போனேன். அங்கே கண்டதுதான் இந்த இழையைத் தொடங்க வைத்தது. ஒரு வீடு உள்ளே தள்ளியிருக்கிறது, பக்கத்து வீடு துருத்திக்கொண்டு நிற்கிறது. சன்னல்கள் ஒரே மட்டத்தில் இல்லை. கூரைகள் ஏறி இறங்குகின்றன. முன்னால் பார்த்த கட்டடத்தின் முதுகுதானா இது என்று வீடுகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்தேன்.

இதை ஒரே கட்டடம் என்று சொல்லலாமா? முகப்பு வெறும் முகமூடியா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கல்லுளி | ஞாயிறு, இரவு 11.15

தம்பி, பின்புறச் சந்துக்குப் போனீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

நீங்கள் கண்ட வேறுபாடு தற்செயலாக வந்ததில்லை. கட்டும்போதே அப்படித்தான் திட்டமிட்டார்கள். இதைப் புரிந்துகொள்ள ஒரு தலைமுறை பின்னால் போக வேண்டும். தந்தை ஜான் வுட் (1704–1754) என்பவர் 1728-இல் பாத் நகரில் குயின் சதுக்கத்தைக் கட்டத் தொடங்கினார். கையில் பெரிய பணம் இல்லை. ராபர்ட் கே என்ற அறுவை மருத்துவரிடமிருந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதை மனைகளாகப் பிரித்து, கட்டுவோரிடம் உள்குத்தகைக்கு விட்டார். நிபந்தனை இதுதான்: முகப்பு நான் வரைந்தபடி இருக்க வேண்டும், உள்ளே உன் விருப்பம். சதுக்கத்தின் வடக்குப் பக்கத்தில் தனித்தனி வீடுகள் வரிசையாகச் சேர்ந்து நடுவில் முக்கோண முகப்புடன் ஒரே அரண்மனையாகத் தெரிவது அப்படித்தான்.

மகன் ஜான் வுட் (1728–1782) அதே முறையை ராயல் கிரசென்டுக்குக் கொண்டுவந்தார். முதல் கல் 1767 மே மாதம் வைக்கப்பட்டது. வேலை முடிய 1774, 1775 ஆயிற்று. வாங்குபவர் முகப்பில் ஒரு குறிப்பிட்ட நீளத்தை வாங்குவார். பிறகு தன் கட்டடக்காரரை அமர்த்தி அதற்குப் பின்னால் தனக்கு வேண்டிய வீட்டைக் கட்டிக்கொள்வார். எத்தனை அறை, படிக்கட்டு எங்கே, கூரை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அவர் பாடு. அதனால்தான் முன்னால் இரண்டு வீடு போலத் தெரிவது சில இடங்களில் பின்னால் ஒரே வீடாக இருக்கிறது.

முகமூடி என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். முகமூடி என்றால் உள்ளே இருப்பதை மறைக்க வேண்டும். அந்தக் காலத்தில் இதை வாங்கிய யாருக்கும் உள்ளே என்ன என்பதில் குழப்பமே இருந்ததில்லை. பத்திரத்திலேயே எழுதியிருந்தது. 30 குடும்பங்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள், தெருவுக்குக் காட்டும் முகத்தில் மட்டும் ஒத்துப்போகிறோம் என்று கையெழுத்திட்டார்கள். அந்த ஒப்புதல்தான் கல்லாக நிற்கிறது.

பழையசாவி | திங்கள், காலை 7.20

கல்லுளி ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன்.

நான் இங்கிலாந்தின் வேறொரு ஊரில், இதே காலத்துத் தொடர்வீடு ஒன்றின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். அதுவும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ளதுதான். சன்னல் சட்டம் உளுத்துப்போய்ச் சென்ற குளிர்காலம் முழுவதும் காற்று உள்ளே வீசியது. இரட்டைக் கண்ணாடி போட அனுமதி கேட்டார்கள், மறுக்கப்பட்டது. அதே மாதிரியான மரச் சன்னலைத்தான் போட வேண்டும் என்றார்கள். அதற்குப் பணம் சேர்க்க வீட்டு உரிமையாளருக்கு ஓராண்டு பிடித்தது. அதுவரை என் மகளின் படுக்கையைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தி, அறையின் நடுவில் போட்டிருந்தோம்.

தெருவில் போகிறவர் அரை நிமிடம் பார்க்கும் அழகுக்காக, உள்ளே வாழ்கிறவர்கள் ஆண்டு முழுவதும் குளிர வேண்டுமா? 1767-இல் கையெழுத்திட்டவர்கள் செல்வந்தர்கள். வெந்நீர் ஊற்று நகருக்குச் சீசனில் வந்து தங்குபவர்களுக்கு வாடகைக்கு விடக் கட்டிய வீடுகள் இவை. விறகும் நிலக்கரியும் சுமக்க வேலையாட்கள் இருந்தார்கள். நடைபாதைக்கு அடியில் கரி அறைகள் இருந்தன. அந்த ஒப்பந்தத்தை இன்று என் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

முகப்புதான் முக்கியம் என்பவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதைக் கட்டியவர்களும் துடைத்தவர்களும் எந்த வாசல் வழியாக நுழைந்தார்கள்?

தேன்நிறச்சுவர் | திங்கள், நண்பகல் 12.50

பழைய கல் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். பழையசாவியின் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், ஆனால் முதலில் கல்லைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

பாத் கல் என்பது ஒருவகைச் சுண்ணாம்புக் கல். மீன் முட்டை போன்ற நுண்ணிய உருண்டைகள் சேர்ந்து இறுகியது. பூமியிலிருந்து எடுத்த புதிதில் மென்மையாக இருக்கும், ரம்பத்தால் அறுக்கலாம். எந்தத் திசையிலும் வெட்டலாம், பிளக்காது. காற்றுப்பட்டு ஈரம் வெளியேறியதும் கெட்டிப்படும். நகருக்குத் தெற்கே கூம் டவுன் மேட்டில் இதைத் தோண்டினார்கள். சுரங்கங்களின் உரிமையாளர் ரால்ஃப் ஆலன், 1731-இல் மரத் தண்டவாளம் அமைத்து, கல் ஏற்றிய வண்டிகளைச் சரிவில் தம் எடையாலேயே ஆற்றங்கரைக்கு இறங்கச் செய்தார். மலிவான கல், மலிவான போக்குவரத்து. ஒரு நகரமே ஒரே நிறத்தில் எழுந்ததற்கு இதுதான் அடிப்படை.

தோண்டிய இடம் வெற்றிடமாகவே இருந்தது. அதன்மேல் ஓர் ஊர் வளர்ந்தது. சில இடங்களில் வீதிக்கும் குகைக்கும் இடையே சில மீட்டர் மண்தான். நம் காலத்தில், 2010 வாக்கில்தான், நுரைக் கான்கிரீட்டைக் கொட்டி அந்தக் குகைகளை நிரப்பி முடித்தார்கள். கிரசென்டின் ஒவ்வொரு தூணுக்கும் ஈடாக அந்த மேட்டின் அடியில் ஒரு பள்ளம் இருந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கல்லுக்கு ஓர் இயல்பு உண்டு. கடலடியில் எந்த வாக்கில் படிந்ததோ அதே வாக்கில் சுவரில் கிடத்த வேண்டும். நிமிர்த்தி வைத்தால் ஏடு ஏடாக உரிந்துவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லே பொடிந்துபோகும். சுண்ணாம்புக் காரைதான் போட வேண்டும். நூறாண்டுக் கரிப்புகை படிந்து இந்த நகரம் கறுத்துக் கிடந்தது. இப்போது நீங்கள் பார்க்கும் தேன்நிறம், கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் கழுவி எடுத்தது.

பழையசாவி சொன்ன சன்னல் பிரச்சினை உண்மை. உள்பக்கமாக இரண்டாவது கண்ணாடிச் சட்டம் ஒன்று பொருத்தும் முறை இருக்கிறது. பழைய சன்னலைத் தொடாமல் காற்றைத் தடுக்கும். எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதையும் மறுத்தார்களா என்று எழுதுங்கள்.

தட்டச்சுமேசை | திங்கள், மாலை 6.05

இந்த இழையில் என்னைப் போன்றவளுக்கு என்ன வேலை என்று தயங்கினேன். கட்டடக்கலை எனக்குத் தெரியாது. ஆனால் ராயல் கிரசென்ட் என்ற பெயர் எனக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம்.

1980-களில் மதுரையில் ஒரு மாடியறைப் பயிலகத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தேன். காலை ஆறு மணிக்கு வகுப்பு. பிட்மன் முறை. பென்சிலை மெல்ல இழுத்தால் ஓர் ஒலி, அதே கோட்டை அழுத்தி இழுத்தால் அதன் இணை ஒலி. கீழ்நிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 80 சொல், மேல்நிலைக்கு 120. அந்தச் சான்றிதழ்தான் எனக்கு அரசு வேலை வாங்கித் தந்தது. எங்கள் தெருவில் மட்டும் அப்படி வேலைக்குப் போன பெண்கள் நான்கு பேர்.

அந்த ஐசக் பிட்மன் தம் முறையை 1837-இல் வெளியிட்டார். கடைசிக் காலத்தை இந்த ராயல் கிரசென்டில்தான் கழித்தார். 17-ஆம் எண் வீட்டில் 1897 ஜனவரியில் காலமானார். வாசலில் நினைவுப் பலகை இருக்கிறது. என் மகன் இங்கிலாந்தில் படித்தபோது என்னை அழைத்துப் போனான். எல்லோரும் நடு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்த வாசலில் நான் பத்து நிமிடம் நின்றேன். உள்ளே போக முடியாது, கதவு சாத்தியிருந்தது. கைப்பையிலிருந்த பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் "வணக்கம் ஐயா" என்பதைக் கோடுகளாக எழுதிப் பார்த்தேன். கை மறக்கவில்லை.

அந்த வாசலும் சன்னலும் அப்படியே இருந்ததால்தான் நான் நின்றேன். இடித்துவிட்டு வேறொன்றைக் கட்டிப் பலகையை மட்டும் மாட்டியிருந்தால் நின்றிருப்பேனா என்று தெரியவில்லை. பழையசாவி, தங்கள் மகளின் குளிர் எனக்கும் புரிகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தேன்நிறச்சுவர் | திங்கள், மாலை 6.40

தட்டச்சுமேசை அம்மா, உங்கள் பதிவைப் படித்தபின் இதைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் நின்ற 17-ஆம் எண் வீடு 1942-இல் உட்புறம் முழுவதும் எரிந்துபோனது. ஏப்ரல் கடைசியில் ஜெர்மன் விமானங்கள் பாத் நகரின்மேல் அடுத்தடுத்த இரவுகளில் குண்டு வீசின. நகரில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிரசென்டில் 2-ஆம் எண்ணும் 17-ஆம் எண்ணும் தீக்குண்டுகளால் வெந்தன. நீங்கள் பார்த்த முகப்புக்குப் பின்னால் இருப்பது, போருக்குப் பிறகு மீண்டும் கட்டிய வீடு.

உங்கள் பத்து நிமிடத்தை இது குறைத்துவிடாது என்று நம்புகிறேன். சுவர் அதே சுவர்தான்.

தட்டச்சுமேசை | திங்கள், இரவு 7.10

எனக்கு இது தெரியாது. சொன்னதற்கு நன்றி. குறையவில்லை.

மழைக்குடை | திங்கள், இரவு 10.30

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எனக்கு இரண்டு ஐயங்கள். ஒன்று, அருகிலுள்ள சர்க்கஸ் என்ற வட்ட வடிவத் தொடர்வீட்டு வரிசை சூரியன், கிரசென்ட் பிறை என்று ஒரு வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார். இது உண்மையா? இரண்டு, எல்லாக் கதவுகளும் வெள்ளையாக இருக்க, ஒன்று மட்டும் மஞ்சள். யாரும் தடுக்கவில்லையா?

கல்லுளி | செவ்வாய், காலை 5.50

மஞ்சள் கதவை முதலில் சொல்கிறேன். அது 22-ஆம் எண் வீடு. 1970-களில் அங்கே வாழ்ந்த மூதாட்டி கதவுக்கு மஞ்சள் அடித்தார். நகர மன்றம் வெள்ளைக்கு மாற்றச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. அவர் மறுத்தார். வழக்கு சுற்றுச்சூழல் அமைச்சர் வரை போனது. மஞ்சள் இருக்கலாம் என்று அமைச்சர் தீர்ப்பளித்தார். பாதுகாப்புச் சட்டம் வளையாது என்பவர்களுக்கு இந்தக் கதவைக் காட்டுவேன். 1950-இல் பட்டியலில் ஏறிய, முதல் தரக் கட்டடம் இது. இங்கிலாந்தில் பட்டியலிடப்பட்ட கட்டடங்களில் நூற்றுக்கு இரண்டரை மட்டுமே அந்தத் தரத்தில் உள்ளன. அதிலேயே ஒரு பெண்மணியின் நிறம் நின்றது.

சூரியன், பிறை பற்றி: தந்தை வுட்டுக்குப் பழங்கால பிரிட்டனின் துருயிது குருமார்கள்மேல் தீராத மோகம் இருந்தது. ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தை நேரில் அளந்தவர். சர்க்கஸின் வட்ட அளவை அதிலிருந்து எடுத்தார் என்பார்கள். சர்க்கஸின் முகப்பில் 500-க்கும் மேற்பட்ட சின்னங்கள் செதுக்கியிருக்கும். அவரைப் பொறுத்தவரை இந்தச் சிந்தனைக்கு இடம் உண்டு. ஆனால் சர்க்கஸ் தொடங்கிய 1754-இலேயே அவர் இறந்துவிட்டார். கிரசென்ட் முழுக்க மகனுடைய படைப்பு. மகனின் கட்டடத்தில் சின்னம் எதுவும் இல்லை. சர்க்கஸில் டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்று மூன்று வகைத் தூண்கள் தளத்துக்கு ஒன்றாக அடுக்கியிருக்கும். கிரசென்டில் அயோனிக் ஒன்றே, அதுவும் இரண்டு தள உயரத்துக்கு. தந்தை பேச்சு மிகுந்தவர், மகன் வாய்மூடிய கலைஞர். பிறை என்பது பின்னால் வந்த விளக்கம் என்றே எனக்குப் படுகிறது. மேட்டின் சரிவில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும், எல்லா வீட்டுக்கும் வெயிலும் காட்சியும் கிடைக்க வேண்டும். அதற்கு வளைந்த, ஒரு பக்கம் திறந்த வடிவமே பொருந்தும். அரை வட்டத்தை விட்டு அரை நீள்வட்டத்தை அவர் தேர்ந்ததும் அந்தக் காட்சிக்காகத்தான் என்பது என் எண்ணம்.

முன்னால் புல்வெளிக்கு நடுவே ஒரு பள்ளம் வெட்டித் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள், கவனித்தீர்களா? கீழே மேயும் ஆடுமாடுகள் மேலே வராது. வீட்டிலிருந்து பார்ப்பவருக்குச் சுவர் தெரியாது, புல்வெளி இடைவெளியின்றி ஓடுவதாகவே தோன்றும். நகரத்தின் நடுவில் வாழ்ந்துகொண்டு நாட்டுப்புற மாளிகையில் வாழ்வதாக உணர வைத்த தந்திரம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். கட்டியபோது இது வெறும் கிரசென்ட். யார்க் கோமகன் இங்கே வந்து தங்கிய பிறகு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் 'ராயல்' ஒட்டிக்கொண்டது.

பழையசாவி | செவ்வாய், மாலை 5.30

உள்பக்கக் கண்ணாடிச் சட்டத்துக்கு நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. அப்படி ஒன்று உண்டு என்று யாரும் சொல்லவில்லை. நன்றி தேன்நிறச்சுவர். உரிமையாளரிடம் பேசுகிறேன்.

என் அடிப்படை வாதத்தை மட்டும் விட மாட்டேன். போருக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். இதே கிரசென்டை நகர மன்ற அலுவலகமாக மாற்றும் திட்டம்கூட இருந்தது. நல்லவேளை, நடக்கவில்லை. ஆனால் 1950-களிலும் 60-களிலும் ஸ்நோ ஹில், பாலன்ஸ் தெரு போன்ற இடங்களில் கைவினைஞர்கள் வாழ்ந்த, ஜார்ஜ் மன்னர்கள் காலத்துச் சிறிய வீடுகளை வரிசை வரிசையாக இடித்தார்கள். அதே கல், அதே காலம். தூண் இல்லை, அதனால் மதிப்பும் இல்லை என்று முடிவு செய்தார்கள். கிரசென்டின் தூணைச் செதுக்கிய கல்தச்சன் எங்கே குடியிருந்திருப்பான்? அப்படிப்பட்ட தெருவில்தான். அரண்மனை நிற்கிறது, அவன் வீடு போய்விட்டது. எதைப் பாதுகாக்கிறோம் என்ற கேள்வியை இதனால்தான் கேட்கிறேன்.

கல்லுளி | செவ்வாய், இரவு 8.45

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. நீங்கள் சொல்வது சரி. அந்த இடிப்பைக் கண்டு எழுந்த எதிர்ப்புதான் பிறகு நகரம் முழுவதையும் காப்பாற்றியது, 1987-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் பாத் நகரம் முழுமையாக இடம்பெற்றது. ஆனால் போன வீடுகள் போனவைதான்.

வேலையாட்களின் வாசல் பற்றி முன்பு கேட்டீர்கள். 1-ஆம் எண் வீட்டைப் போய்ப் பாருங்கள். 1967-இல் ஒருவர் அதை விலைக்கு வாங்கிப் பாத் பாதுகாப்பு அறக்கட்டளைக்குக் கொடுத்தார். 1970-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நெடுங்காலம் அதில் எசமானர்களின் அறைகள் மட்டுமே இருந்தன. சமையற்பகுதி இருந்த பக்கத்துக் கட்டடம் தனியாகப் பிரிந்து வேறு கைகளில் இருந்தது. அதை மீட்டு, கதவைத் திறந்து, 2013-இல் இரண்டையும் மறுபடி ஒரே வீடாக்கினார்கள். சமையலறையில் இறைச்சிக் கம்பியைச் சுழற்ற நாயைப் பூட்டி ஓடவிடும் சக்கரத்தைக் காட்டுகிறார்கள்.

தேன்நிறச்சுவர் | புதன், நண்பகல் 1.15

1-ஆம் எண்ணைப் பார்க்கும்போது முதல் மாடிச் சன்னலின் அடிமட்டத்தையும் பாருங்கள். பிறகு மற்ற வீடுகளைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் பலர் அந்த மட்டத்தை வெட்டித் தாழ்த்திச் சன்னலை நீளமாக்கினார்கள். 1845-இல் கண்ணாடி வரியும் 1851-இல் சன்னல் வரியும் ஒழிந்ததும் சிறுசிறு கட்டங்களை எடுத்துவிட்டுப் பெரிய ஒற்றைக் கண்ணாடி போட்டார்கள். 1-ஆம் எண்ணில் அடிமட்டத்தைப் பழைய உயரத்துக்குத் திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். ஆக, ஒரே முகப்பு என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் சுவரிலேயே இரண்டு நூற்றாண்டுகள் கலந்து நிற்கின்றன. இதைச் சரி செய்து எல்லாவற்றையும் 1774-க்குக் கொண்டுபோக வேண்டும் என்பவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாழ்த்தியவனும் அங்கே வாழ்ந்தவன்தான்.

இப்படியொரு முகப்பு பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு நகரின் வடகிழக்கில் கேம்டன் கிரசென்ட் இருக்கிறது. 1788-இல் தொடங்கினார்கள். கிழக்கு முனையில் மண் சரிந்தது, அத்தோடு வேலை நின்றது. நடுவில் இருக்க வேண்டிய முக்கோண முகப்பு இன்று ஓரமாக நிற்கிறது. அதன்கீழ் ஐந்து தூண்கள், அதாவது நட்டநடுவில் ஒரு தூண், வாசல் இருக்க வேண்டிய இடத்தில். இலக்கணப்படி பிழை. எனக்கு மிகவும் பிடித்த கட்டடம்.

மழைக்குடை | புதன், இரவு 9.20

அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறேன். இந்த முறை கேம்டன் கிரசென்டிலிருந்து தொடங்கி, சந்து வழியாகப் பின்புறத்தைப் பார்த்துவிட்டு, கடைசியாக முன்னால் வருவதாகத் திட்டம். 30 வீடுகளில் பத்து மட்டுமே இன்றும் முழு வீடாக இருக்கின்றன, 18 அடுக்ககங்களாகப் பிரிந்துவிட்டன, ஒன்று அருங்காட்சியகம், நடுவில் ஓட்டல் என்று படித்தேன். அழைப்புமணிப் பொத்தான்களை எண்ணினால் எது எதுவென்று தெரிந்துவிடும் அல்லவா?

தட்டச்சுமேசை அம்மா, 17-ஆம் எண் வாசலில் தங்கள் சார்பில் ஏதாவது செய்ய வேண்டுமா?

தட்டச்சுமேசை | புதன், இரவு 9.55

பலகை கறுத்திருந்தது. அதைத் துடைக்கத் தங்களுக்கு அனுமதி இருக்காது. பென்சில் ஒன்றை எடுத்துப் போங்கள் தம்பி, எழுதிப் பார்க்க. மெல்லிய கோடு முதலில், பிறகு அழுத்திய கோடு.